படிக்க ஓர் இடம்: பெருந்தொற்றும் எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகளும்



நினைவுச் சொற்பொழிவை மறைந்தவரின் பெருமை கூறித் தொடங்குவது எங்கள் வழக்கம். ஆனால் தங்கள் தந்தையாரைப் பற்றிப் பேச வேண்டாம், அவர் யாருக்காக வாழ்ந்தாரோ அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேண்டுகோளை ஏற்று, கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களின் மனமும் படிப்பும் என்னவாயின என்பதைப் பேச வந்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 ஆம் திகதி இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2023 மே 5 ஆம் திகதி அவசரநிலை முடிந்தது என்றது. அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். பேசாமல் விட்டது பிழை என்பது என் உறுதியான கருத்து.

இதைக் கொக்குவிலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். அதன் பிள்ளைகள் பலர் இரவில் தலைசாய்ப்பது கொக்குவிலில். ஆடியபாதம் வீதியால் கிழக்கே போனால் மருத்துவ பீடம் வருகிறது. அதைத் தாண்டினால் திருநெல்வேலிச் சந்தை. இந்த வீதியின் இரு பக்கத்து ஒழுங்கைகளிலும், கலட்டிப் பக்கத்திலும், கோண்டாவில் வரையும் பின்னறையை, மேல்மாடியை, கிணற்றடிப் பக்கத்து இணைப்பு அறையைப் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்காத வீடு குறைவு. பல்கலைக்கழகம் 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான நாளில் இருந்து இந்த ஊர் அவர்களோடு வாழ்ந்து பழகிவிட்டது. முல்லைத்தீவுப் பிள்ளை, மன்னார்ப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, அட்டன் பிள்ளை, குருநாகல் பிள்ளை எல்லோரும் எங்கள் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடியிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையும் போட்டோப் பிரதிக் கடையும் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் வீடுகளும் அவர்களை நம்பி நடந்தன.

2020 மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில வாரம்தானே என்று பிள்ளைகள் ஒரு பையோடு ஊருக்குப் போனார்கள். புத்தகமும் குறிப்புக் கொப்பியும் அறையிலேயே கிடந்தன. மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. 22 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் முதல் தொற்றாளர் உறுதிசெய்யப்பட்டார். அதன் பிறகு கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி மாவட்டங்களோடு சேர்த்து யாழ்ப்பாணமும் ஆபத்து வலயம் ஆயிற்று. ஊரடங்கு தளராமல் நீண்டது. அந்த நாட்களில் இந்த ஊரில் வெளிச்சம் எரிந்த ஒரே கல்விக்கூடம் மருத்துவ பீடந்தான். அதன் ஆய்வுகூடத்தில் பீசீஆர் பரிசோதனை நடந்தது. வடக்கின் மாதிரிகள் அங்கே வந்தன; முடிவுகளை ஒவ்வொரு நாளும் மக்கள் காத்திருந்து கேட்டார்கள். இரவு பகல் பாராமல் அங்கே நின்றவர்களை இந்த மேடையில் நன்றியோடு நினைக்கிறேன்.

மற்றப் பீடங்கள் எல்லாம் திரைக்குள் போயின. அதை நடத்திக் காட்டியது சிறிய காரியம் அல்ல. லேர்ண் என்று அழைக்கப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வசதியை ஏற்படுத்தியது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவைச் சில காலம் இலவசமாகவே கொடுத்தன. ஏறத்தாழ 90 வீத மாணவர்கள் இணையவழிக் கற்றலை எட்டினார்கள் என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2020 ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. எங்கள் வருமான நிலையில் இருக்கும் நாட்டுக்கு அது பெருமைப்படக்கூடிய எண். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் எட்டினார்கள் என்றால் எதைக் கொண்டு எட்டினார்கள், எங்கே இருந்து எட்டினார்கள்? அக்காலத்தில் இலங்கையில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. எங்கள் பிள்ளைகளில் மிகப் பலர் கைத்தொலைபேசியின் கையகலத் திரையில் புள்ளிவிவரவியல் படித்தார்கள், உடற்கூற்றியல் படங்களைப் பார்த்தார்கள், இருபது பக்கக் கட்டுரையைப் பெருவிரலால் தட்டி எழுதினார்கள். பதுளைப் பக்கத்து போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் நடந்து பாறை ஏறிய படம் 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. படம் எடுக்க ஒருவரும் போகாத ஊர்கள் வன்னியில் எத்தனையோ. குளக்கட்டில் ஏறி நின்றால் சிக்னல் வரும், இறங்கினால் அறுந்துபோகும் என்று சொன்ன பிள்ளைக்கு நான் விரிவுரை நடத்தியிருக்கிறேன். மழை வந்தால் குளக்கட்டில் நிற்க முடியாது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை.

கருவியைக் கொடுத்தால் இது தீர்ந்துவிடும் என்று அப்போது பலர் நினைத்தோம். நலன்விரும்பிகளும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் தொலைபேசிகளும் டாப்களும் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் நாள் போகப் போக எனக்கு விளங்கியது வேறு. பிள்ளைகள் இழந்தது விரிவுரையைக் காட்டிலும் பெரிய ஒன்று. அவர்கள் இழந்தது ஓர் இடத்தை. இன்றைய என் பேச்சின் சாரம் இதுதான்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பாடம் கேட்கப் போகும் கட்டடம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே மேசை, மின்விசிறி, நல்ல வெளிச்சம், தண்ணீர்க் குழாய், மலிவு விலைச் சோறு, நூலகத்தில் தனக்கென்று ஒரு கதிரை. பெண் பிள்ளைக்கு அது இன்னும் ஒன்று: யாருக்கும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்காமல் ஆறு மணிநேரம் தொடர்ந்து யோசிக்கக் கிடைக்கும் ஒரே இடம். மலையகத்துப் பிள்ளை ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். லயன் காம்பறாவில் ஒரே அறையில் அம்மா, அப்பா, தம்பி, தங்கை, பாட்டி. காலை எட்டு மணிக்கு அவளுக்கு விரிவுரை. அதே எட்டு மணிக்குத் தம்பிக்கும் பாடசாலை வாட்சப்பில் பாடம். வீட்டில் ஒரு தொலைபேசி. யார் விட்டுக்கொடுப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் விட்டுக்கொடுத்தாள், யாரும் கேட்காமலே விட்டுக்கொடுத்தாள். வரவுப் பதிவேட்டில் அது வராத நாளாக ஏறியது.

ஆண் பிள்ளைகளை வீடு வேறு விதமாக எடுத்துக்கொண்டது. தகப்பனுக்கு நாட்கூலி இல்லை. கடற்கரையில் மீன் வாங்க ஆள் இல்லை. செம்மண் தோட்டத்தில் விளைந்த வெங்காயத்தையும் மரக்கறியையும் ஏற்றிப்போக லொறி இல்லை. 2020 ஏப்ரலில் அரசாங்கம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தது. மகாபொல புலமைப்பரிசிலும் அக்காலத்தில் மாதம் 5,000 ரூபாதான். பிள்ளை படிக்க வந்த காசு, பல வீடுகளில் உலை வைக்கும் காசாயிற்று. இருபத்திரண்டு வயதுப் பையன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போய், சீமெந்துக் கையோடு காதில் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு விரிவுரை கேட்டான். கேட்டதில் எவ்வளவு அவனிடம் நின்றிருக்கும்?

உலகம் இதைப் பற்றி என்ன கண்டறிந்தது என்று பார்ப்போம். சீனாவின் சாங்சி மருத்துவக் கல்லூரியில் 7,143 மாணவர்களிடம் 2020 தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகள் இருந்தன, பெரும்பாலும் இலேசானவை. பிள்ளையைக் காத்த காரணிகளில் இரண்டு: பெற்றோரோடு இருப்பது, குடும்பத்தின் வருமானம் தளராமல் இருப்பது. எங்கள் வீடுகளில் முதலாவது இருந்தது, இரண்டாவது அறுந்துபோனது. பிரான்சில் முதல் முடக்கத்தின்போது 69,054 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் பாரதூரமானது. 11.4 வீதத்தினருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தது, 27.5 வீதத்தினர் கடும் பதற்றத்தில் இருந்தார்கள். யாரிடம் இது கூடுதலாக இருந்தது என்று தேடியபோது வருமான இழப்பும், மோசமான வசிப்பிடமும், மனிதத் தொடர்பின் வறட்சியும் முன்னுக்கு வந்தன. பிரான்சின் பணக்கார நகரங்களிலேயே பிள்ளையின் மனநிலையை அவன் இருந்த அறை தீர்மானித்திருக்கிறது என்றால், எங்கள் ஓட்டை வீடுகளையும் தகரக் கொட்டில்களையும் பற்றி என்ன சொல்வது? பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 வீதம் கூடின என்றும், இளையோரும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள் என்றும் 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. அந்த மாதங்களில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன ஆறுதல் பெரும்பாலும் ஒரே வசனம்: "நாங்கள் செல்லடிக்குள்ளையே படிச்சனாங்கள், இது ஒரு பெரிய விசயமே?" அதைச் சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்து மருத்துவர்களும் பொறியியலாளர்களும் ஆனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது புத்தகத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையின் உறுதியை நான் வணங்குகிறேன்.

ஆனால் அந்த நாளில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்தீர்கள். பங்கருக்குள் பக்கத்தில் ஆள் இருந்தது. இடம்பெயர்ந்து போன இடத்தில் மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது; ஆசிரியரின் முகம் தெரிந்தது. பயம் பெரிது, ஆனால் பயத்தைப் பங்குபோட ஆள் இருந்தது. பெருந்தொற்று அதைத்தான் பறித்தது. பக்கத்தில் இருப்பவரே ஆபத்து என்று சொல்லிக் கொடுத்த இடர் அது. போரோடு அதை ஒப்பிட்டு அளந்ததால் பிள்ளை தன் துயரத்தைச் சொல்லவே கூச்சப்பட்டது. செல்லடிக்குள் படித்த அம்மாவிடம் போய், எனக்கு ஒன்றிலும் மனம் பற்றவில்லை, விடியும்வரை நித்திரை வருகுதில்லை என்று எப்படிச் சொல்வது?

பெருந்தொற்றுக் கால வகுப்பில் இருந்தவர்கள் யார் என்பதையும் நாங்கள் மறந்துவிட்டோம். 2020 இல் இருபதிலிருந்து இருபத்துநான்கு வயது. அப்படியானால் போர் முடிந்த 2009 இல் ஒன்பதிலிருந்து பதின்மூன்று. வன்னியில் இருந்து வந்த பிள்ளைகள் பலர் முள்ளிவாய்க்காலைக் கண்ணால் கண்டவர்கள், செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்கள். பதினொரு ஆண்டு கழித்து அவர்களின் காதில் மீண்டும் விழுந்த சொற்கள் ஊரடங்கு, சோதனைச் சாவடி, முகாம். தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியது இராணுவம். சீருடை அணிந்தவர்கள் வந்து பெயர் கேட்டுப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோயைக் கட்டுப்படுத்த அது பயன்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவில் பஸ்ஸும் சீருடையும் பெயர்ப் பட்டியலும் எதைக் கிளறும் என்று திட்டமிட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக இந்த மண்ணில் இருந்தே எழுதியவர். தனி மனிதருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் காயம் உண்டு என்பதை அவருடைய எழுத்துகள் எடுத்துச் சொல்கின்றன. அப்படி ஓர் அறிவு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருந்தும், பெருந்தொற்றில் பிள்ளைகளைப் பார்த்தபோது அந்தக் கண்ணால் பார்க்கத் தவறினோம்.

துக்கமும் சரியாகக் கொண்டாடப்படாமல் போயிற்று. பேத்தி கொழும்பு விடுதியில் அகப்பட்டிருக்க, ஊரில் பாட்டி போய்விடுவார். செத்தவீட்டுக்கு வர வழி இல்லை, எட்டாம் நாள் சடங்குக்கும் வர வழி இல்லை. முஸ்லிம் மாணவர்களின் வேதனை இன்னும் கொடியது. கொவிட்டால் இறந்தவரின் உடலைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை நாட்டில் இருந்தது. தன் மார்க்கப்படி தகப்பனை அடக்கம் செய்ய முடியுமா என்ற அச்சத்தோடு ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்ததை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை.

படிப்பின் நிலையைப் பார்ப்போம். எல்லாப் பாடமும் ஒரே மாதிரிப் பாதிக்கப்படவில்லை. கணிதமும் கணக்கியலும் ஓரளவு தப்பின. மொழியும் வரலாறும் நல்ல ஆசிரியர் கையில் தப்பின. விஞ்ஞான பீடத்துச் செய்முறைகள் காணொளியாயின. சோதனைக் குழாயைக் கையில் பிடிக்காமல் முடிவை மட்டும் எழுதப் பிள்ளை பழகியது. சமூகவியல், புவியியல் மாணவர் ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்ட வேண்டிய இறுதியாண்டு ஆய்வைத் தொலைபேசியில் பத்துப் பேரிடம் கேட்டு முடித்தார்கள்.

நுண்கலைப் பிள்ளைகளின் நிலையை யாரும் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் அவர்கள் வீணையும் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் பரதமும் படித்தார்கள். சூமில் ஒலி போய்ச் சேர ஒரு கணம் தாமதிக்கும். பேச்சுக்கு அது பெரிதில்லை. தாளத்துக்கு அந்தக் கணம் மரணம். குரு இங்கே ஆதி தாளம் போட்டால் மாணவி அங்கே அதைப் பிந்திக் கேட்பாள். அவள் பாடுவது இங்கே இன்னும் பிந்தி வரும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கீர்த்தனையைப் பாடவே முடியாது. ஆகவே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து அனுப்பினார்கள். குரு கேட்டுத் திருத்திக் குரற்பதிவு அனுப்பினார். கூடியிருந்து வாசிக்கும்போது கண்ணாலும் மூச்சாலும் கைமாறுகிற அந்தக் கல்வி அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. பிறகு அதை ஈடுசெய்ய மேலதிக வகுப்பும் வைக்கப்படவில்லையே என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடக்க வேண்டியது, ஒக்டோபரில் நடந்தது. 2021 உயர்தரம் 2022 பெப்ரவரிக்குப் போனது. 2022 உயர்தரம் 2023 ஜனவரியில். பரீட்சை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றும் ஒன்றை ஒன்று தள்ளியது. உள்ளே இருந்தவர்களுக்கு 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை, 2021 மே மாதத்தில் பயணத்தடை, ஓகஸ்ட் 20 இலிருந்து ஒக்டோபர் 1 வரை மீண்டும் முடக்கம். இடையில் திறந்த சில வாரங்களில் இரண்டு அரையாண்டின் பரீட்சைகளை ஒரே மூச்சில் திணித்தோம். எந்தத் திகதியும் நிலைக்கவில்லை. பாடச் சுமையைப் பிள்ளைகள் தாங்கினார்கள். நிச்சயமின்மை அவர்களை முறித்தது. "பரீட்சை எப்ப சேர்?" என்ற கேள்வி அந்த இரண்டு ஆண்டும் எனக்கு வந்த செய்திகளில் முதலிடம் பிடித்தது. பட்டம் தள்ளிப்போக, வேலை தள்ளிப்போயிற்று. வேலை தள்ளிப்போக, தங்கையின் கலியாணம் தள்ளிப்போயிற்று. வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கு இதன் பாரம் எவ்வளவு என்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தள்ளிப்போடல்களுக்கு நடுவே, 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்து அகற்றப்பட்டது. மாதக்கணக்கில் சிதறிக் கிடந்த பிள்ளைகள் அன்றிரவே வாயிலில் கூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 11 ஆம் திகதி அதிகாலை துணைவேந்தரே வந்து மீள அமைக்க அடிக்கல் நாட்டினார். அந்தப் போராட்டத்தின் அரசியலை இங்கே நான் விரிக்கப் போவதில்லை. ஓர் ஆசிரியனாக என் நெஞ்சில் நின்றது அந்த முகங்கள்தான். திரையில் பெயரின் முதலெழுத்தாக மட்டும் இருந்தவர்கள் ஆளாக எழுந்து நின்றார்கள். இழந்த இடத்தின் அருமை அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அந்த மூன்று நாள் காட்டியது.

இப்படி ஓர் இடத்தை இழப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று இன்றும் எண்ணிச் சொல்கிறோம். அந்த மேசைகளில் இருந்து படித்த பிள்ளைகள் அடுத்த நாள் எங்கே போனார்கள் என்பதை எண்ணவில்லை. பெருந்தொற்றிலும் அப்படித்தான் நடந்தது. தொற்றியவரை எண்ணினோம், இறந்தவரை எண்ணினோம், தடுப்பூசி போட்டவரை எண்ணினோம். பதிவு செய்தும் திரும்பி வராத மாணவர் எத்தனை பேர், ஆண்டை ஒத்திவைத்தவர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, மலையகப் பிள்ளைகள் எத்தனை, எந்தப் பீடத்தில் என்ற கணக்கை ஊரறிய யாரும் வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பதிவேடுகளில் அது இருக்கிறது. எடுத்து எழுத ஓர் ஆய்வு மாணவர் போதும். இந்த அறக்கட்டளையே அதற்கு ஒரு சிறு உதவித்தொகையைக் கொடுக்கலாம் என்று குடும்பத்தவர்களிடம் பணிவோடு கேட்கிறேன்.

பிறகு 2022 வந்தது. பதின்மூன்று மணிநேர மின்வெட்டு, எரிபொருள் வரிசை, கைக்கு எட்டாத விலைவாசி. பஸ் ஓடாததால் மறுபடியும் திரைக்குள் போனோம். இம்முறை திரைக்கும் மின்சாரம் இல்லை. பெருந்தொற்றில் தளர்ந்த பிள்ளைகள் பலர் படிப்பின் நடுவிலேயே வெளிநாட்டுக்கு வழி தேடத் தொடங்கியது அப்போதுதான். அதை நாட்டுப்பற்றில்லாத செயல் என்று ஏசுவது அநியாயம். மூன்று ஆண்டு எந்தத் திகதியையும் நம்ப முடியாமல் இருந்தவர்கள், நம்பக்கூடிய ஏதாவது ஒரு திகதியைத் தேடிப் போனார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது முதலில். அடுத்த முறை எது வந்தாலும், டெங்கு ஆகட்டும், வெள்ளம் ஆகட்டும், புதிய தொற்று ஆகட்டும், எல்லாவற்றையும் மூடும்போது நூலகத்தைக் கடைசியில் மூடுங்கள், முதலில் திறவுங்கள். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளின் பட்டியல் மாணவர் நலச் சேவைப் பிரிவிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். விடுதியில் அவர்களுக்கு இடைவெளி விட்டு இடம் ஒதுக்குங்கள். மாணவ ஆலோசகர் என்ற பொறுப்பை விரிவுரையாளரே மேலதிகமாகச் சுமக்கிறார்கள். அவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். ஆனால் உளவளத்துணை ஒரு தொழில், அதற்குப் பயிற்சி வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடிய, தன் பாடத்துக்குப் புள்ளி போடாத, பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு பீடத்திலும் முழுநேரம் இருக்க வேண்டும். தனக்குப் புள்ளி போடுபவரிடம் எந்தப் பிள்ளையும் மனதைத் திறக்காது.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. நித்திரை வராத இரவு நீண்டுகொண்டே போனால், வாழ்வில் பிடிப்பற்றுப் போனதாகத் தோன்றினால், 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது; எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். காய்ச்சலுக்குப் போகிற வைத்தியசாலைதான் அதுவும்.

கடைசியாகக் கொக்குவில் மக்களிடம் வருகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கு ஒரு பெரும் செல்வம் உண்டு: சனசமூக நிலையம். ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சிறு கட்டடம், காலையில் பத்திரிகை, வாங்கு, மேசை, வெளியே பெயர்ப்பலகை. முடக்க காலத்தில் அவையும் பூட்டிக் கிடந்தன. அதே ஒழுங்கையில் பக்கத்து வீட்டுப் பின்னறையில் ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிட்ட பிள்ளை இருட்டில் கட்டிலில் படுத்தபடி விரிவுரை கேட்டுக்கொண்டிருந்தது. நிலையத்தில் நாலு மேசையை ஆறடி இடைவெளியில் போட்டு, யன்னலைத் திறந்து, ஓர் இணைய இணைப்பும் எடுத்து, நாலு பிள்ளைகளை இரண்டு மணிநேரம் என்று முறைவைத்து இருத்தியிருக்கலாம். சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவே இல்லை. வாடகைக்கு அறை கொடுப்போரிடமும் ஒரு வேண்டுகோள்: பல்கலைக்கழகம் மூடிய மாதங்களுக்கு அரை வாடகை என்று இப்போதே பேசி எழுதி வையுங்கள். அந்த மாதங்களிலும் முழு வாடகை கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சிலர் அதற்காக நகையை அடைவு வைத்தார்கள். பல வீட்டுக்காரர் ஒரு சதமும் வாங்காமல் விட்டதையும் அறிவேன்; அவர்கள் செய்தது ஊருக்கே வழக்கமாக வேண்டும்.

இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சனசமூக நிலையத்தின் அங்கத்தவர். அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்வையுங்கள்: இனி எந்த இடர் வந்தாலும் எங்கள் நிலையத்தின் வாசிப்பறை படிக்கும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும், அதன் திறப்பு யாரிடம் இருக்கும், மின்கட்டணத்தை யார் கட்டுவார், எத்தனை மேசை என்பதெல்லாம் கூட்டறிக்கையில் எழுதப்படும். அந்தத் தீர்மானத்தை இந்த மாதமே நிறைவேற்றுங்கள்.